ஆயா வீட்டுப் பிள்ளைகள் குழு, மலேசியா: சுகன்யா விருந்தும் ஓட்டுத் தேதியும்

வியாழன், இரவு 8:14

பெரிய மாமா: (வீடியோ. பல முறை பகிரப்பட்டது)

பெரிய மாமா: அவசரம். நாடாளுமன்றம் கலைத்தாச்சு. ஓட்டு நம் சுகன்யா விருந்து அன்றைக்கு!! கமலா உடனே பார்

கமலா பெரியம்மா: ஐயோ அண்ணே

கமலா பெரியம்மா: அதே சனிக்கிழமையா

பெரிய மாமா: அதே சனி. கீழே எழுத்தே ஓடுகிறது பார். தமிழ்ச் செய்தி

அம்மா: நாம் பிடித்த டேவான் மண்டபம் என்ன ஆகும் அக்கா? போன தடவை அங்கேதானே ஓட்டுப் போட்டோம்

கமலா பெரியம்மா: அதைத்தான் நினைத்தேன் விஜயா. வயிற்றைக் கலக்குகிறது. நாளைக்கு அட்டை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்

குணா மச்சான்: அத்தை, 600 பேர் கணக்குக்கு ஆள் சொல்லியாச்சு. ஆட்டுக்கு முன்பணமும் கொடுத்தாச்சு

முரளி மாமா சிங்கப்பூர்: ஒரு வாரம் தள்ளிப் போடுங்களேன்

கமலா பெரியம்மா: ஞாயிறு காலை கோயிலில் முகூர்த்தம். விருந்தை மட்டும் எங்கே தள்ளுவது? கிள்ளானிலிருந்து இரண்டு பஸ் வருகிறது

பெரிய மாமா: அவனுக்கு என்ன. வருவானோ மாட்டானோ

முரளி மாமா சிங்கப்பூர்: அண்ணே ஆரம்பிக்காதீங்க

தினேஷ்: அப்பா இது ஏஐ செய்த ஃபேக் லா

பெரிய மாமா: டிவியில் வருவது எப்படிடா ஃபேக்

தினேஷ்: டிவி இல்லை. டிவி மாதிரி

கவிதா: மாமா, யார் அனுப்பினார்கள் இதை?

பெரிய மாமா: எங்கள் பழைய ரயில்வே குரூப். படித்தவர்கள் எல்லாம் இருக்கிற குரூப்

கவிதா: மேலே இரட்டை அம்புக்குறி இருக்கிறது பாருங்கள். எங்கெங்கோ சுற்றி வந்திருக்கிறது. அதனால்தான் வாட்ஸ்அப் அதை ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்கு மேல் அனுப்ப விடாது

பெரிய மாமா: நான் ஒவ்வொன்றாகத்தான் அனுப்பினேன்

தினேஷ்: 😂

வாத்தியார் சித்தப்பா: எல்லாருக்கும் வணக்கம். பதற வேண்டாம். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அந்தப் பெண் தலையைத் திருப்பும்போது கழுத்துச் சங்கிலி தோலுக்குள் போய் மறுபடி வெளியே வருகிறது. வாய் ஞாயிறு என்கிறது, கீழே ஓடும் எழுத்து சனி என்கிறது. ஆனால் இந்த மாதிரிப் பிழைகளையே நம்பி இருக்கக் கூடாது, அடுத்த வருடம் சங்கிலியும் சரியாகிவிடும். நடைமுறையைப் பாருங்கள். மாமன்னர் சம்மதத்தோடு நாடாளுமன்றம் கலையும். அப்புறம் தேர்தல் ஆணையமான எஸ்பிஆர் தனியாகக் கூடித்தான் வேட்புமனு நாளையும் ஓட்டு நாளையும் சொல்லும். 2018-இல் ஏப்ரல் 7 கலைத்தார்கள். மே 9 ஓட்டு என்று ஏப்ரல் 10-தான் தெரிந்தது. 2022-இல் கலைப்பு அக்டோபர் 10. நவம்பர் 19 என்ற தேதி வந்தது அக்டோபர் 20. இந்த வீடியோவில் கலைப்பும் தேதியும் ஒரே மூச்சில் வருகின்றன. அது ஒன்றே போதும்.

லதா சித்தி: இதை எழுதிக்கொண்டே இருக்கிறார், தோசை ஆறிப்போச்சு. யாராவது வந்து சாப்பிடச் சொல்லுங்கள்

பெரிய மாமா: 2018-இல் புதன்கிழமை வைத்தார்கள் மாப்பிள்ளை. அதை யார் எதிர்பார்த்தது? இவர்கள் எதுவும் செய்வார்கள்

அம்மா: ஆமா அந்தப் புதன். முரளி ராத்திரி பஸ் பிடித்து வந்தான், நின்றுகொண்டே

கமலா பெரியம்மா: ஓட்டுக்கு வந்தான். அடுத்த மாதம் அப்பா கருமாதிக்குத்தான் லீவு கிடைக்கவில்லை

முரளி மாமா சிங்கப்பூர்: அக்கா. எடுக்கிற அன்றைக்கு வந்தேன் இல்லையா

கமலா பெரியம்மா: நான் ஒன்றும் சொல்லவில்லையே

குணா மச்சான்: சைவம் எத்தனை பேர் என்று யாராவது சொன்னால் நல்லது

கவிதா: எஸ்பிஆர் பக்கத்தில் எதுவும் இல்லை, இப்போதுதான் பார்த்தேன். தொடர்புத்துறை ஆணையமான எம்சிஎம்சி 2025-இல் செய்தி உண்மையா என்று பார்த்துச் சொல்கிற ஐஃபா என்று ஒன்று விட்டார்கள், வாட்ஸ்அப்பிலேயே தமிழில் கேட்கலாம். அதற்கும் அனுப்பியிருக்கிறேன்

பெரிய மாமா: அதுவும் ஏஐதானே

கவிதா: ஆமா மாமா

பெரிய மாமா: திருடனைப் பிடிக்கத் திருடனா

பெரிய மாமா: சரி மாப்பிள்ளை, பொய் என்றே வைத்துக்கொள்வோம். யாருக்கு என்ன லாபம்? சுகன்யா கல்யாணத்தைக் கெடுக்க இவ்வளவு செலவு செய்வார்களா

வாத்தியார் சித்தப்பா: செலவா? மச்சான், கேளுங்கள். 2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஜனநாயகக் கட்சி உள்தேர்தல். ஓட்டுக்கு இரண்டு நாள் முன்னால் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போன் வருகிறது. எடுத்தால் பைடன் குரல். செவ்வாய்க்கிழமை ஓட்டுப் போட வேண்டாம், உங்கள் ஓட்டை நவம்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்கிறது. அந்தக் குரலைச் செய்தவர் பெரிய விஞ்ஞானி இல்லை, நியூ ஆர்லியன்ஸில் மேஜிக் காட்டுகிறவர். தனக்குக் கிடைத்தது 150 டாலர், வேலை 20 நிமிடத்துக்குள் முடிந்தது என்று அவரே சொன்னார். செய்யச் சொன்ன அரசியல் ஆலோசகருக்கு அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 6 மில்லியன் டாலர் அபராதம் போட்டது. ஆனால் குற்ற வழக்கில் 2025-இல் ஜூரி அவரை விடுவித்துவிட்டது. ஆக, செலவு குறைவு, மாட்டினாலும் தப்பிக்க வழி உண்டு. இந்த வீடியோவைச் செய்தவனுக்கு நம் சுகன்யாவைத் தெரியாது. தேதியைக் குழப்பினால் கொஞ்சம் பேர் ஓட்டுக்கே வர மாட்டார்கள், அல்லது உண்மையான அறிவிப்பு வரும்போது நம்ப மாட்டார்கள். அவனுக்கு அது போதும்.

தினேஷ்: 150 டாலரா. நான் சும்மாவே செய்து தருவேன்

பெரிய மாமா: செய்து பார், காலை உடைக்கிறேன்

முரளி மாமா சிங்கப்பூர்: அமெரிக்கா கதை நமக்கு எதற்கு மச்சான்

வாத்தியார் சித்தப்பா: சரி, சின்ன நாடு. சுலோவாக்கியா, 2023 செப்டம்பர் 30 ஓட்டு. அதற்கு இரண்டு நாள் முன்னால் ஓர் ஒலிப்பதிவு. எதிர்க்கட்சித் தலைவர் மிகால் சிமெச்கா ஒரு பத்திரிகையாளரோடு ஓட்டை விலைக்கு வாங்குவது பற்றிப் பேசுகிற மாதிரி. அங்கே கடைசி 48 மணி நேரம் பிரசாரத்துக்குத் தடை. கட்சியும் பத்திரிகைகளும் வாயைத் திறக்க முடியாத நேரம் பார்த்து விட்டார்கள். அவர் கட்சி இரண்டாவதாக வந்தது. அந்த ஒலிப்பதிவால்தான் தோற்றார் என்று யாராலும் நிரூபிக்க முடியவில்லை. அதனால் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. எனக்கு இதில் உறுத்துவது தொழில்நுட்பம் இல்லை, அந்த நேரம்தான். யாருக்கு எப்போது எந்தப் பயம் இருக்கும் என்று தெரிந்து

லதா சித்தி: போனைப் பிடுங்கிவிட்டேன். சாப்பிட்டுவிட்டு மீதி வரும்

அம்மா: 😂 நல்ல வேலை செய்தாய் லதா

அம்மா: ஆயா கேட்கிறார்கள், கல்யாணம் நின்றுபோச்சா என்று

கமலா பெரியம்மா: யார் சொன்னது அம்மாவிடம்???

அம்மா: பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் வீடியோவைச் சத்தமாக வைத்துவிட்டேன்

கமலா பெரியம்மா: நிற்கவில்லை என்று சொல். கெட்ட வார்த்தை

கமலா பெரியம்மா: அண்ணே கிள்ளான் சம்பந்தி போன் செய்கிறார்

இரவு 9:02

கமலா பெரியம்மா: விருந்தை ஒரு வாரம் தள்ளிவிட்டோமாமே, ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்கிறார். கோபமாகத்தான் பேசினார். யார் சொன்னது அவருக்கு?

முரளி மாமா சிங்கப்பூர்: நான் இந்தக் குரூப்பில்தான் சொன்னேன்

குணா மச்சான்: அப்பா கல்யாணக் கமிட்டி குரூப்பிலும் போட்டிருக்கிறார். அங்கே மாப்பிள்ளையின் மாமா இருக்கிறார்

பெரிய மாமா: வீடியோவைத்தான் போட்டேன். தள்ளிப்போகலாம் என்று முரளி யோசனை சொன்னான் என்று எழுதினேன். தள்ளிப்போச்சு என்றா எழுதினேன்?

சுகன்யா: மாமா ப்ளீஸ் 😭 அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்கிறார்

பெரிய மாமா: இப்படிப் பொய் வீடியோ போடுகிறவனைப் பிடித்து உள்ளே தள்ள வேண்டும். சட்டம் இல்லையா இந்த நாட்டில்

வாத்தியார் சித்தப்பா: சாப்பிட்டாச்சு. சட்டம் இருந்தது மச்சான். 2018 தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால் பொய்ச்செய்தித் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஆறு வருடம் வரை சிறை, 500,000 வெள்ளி வரை அபராதம். முதலில் மாட்டியவர் டென்மார்க் நாட்டுக்காரர், போலீஸ் தாமதமாக வந்தது என்று யூடியூப்பில் பேசியதற்கு. எது பொய் என்று முடிவு செய்கிறவர் கையிலேயே கம்பும் இருந்தால் இப்படித்தான் ஆகும். 2019-இல் அதை ரத்து செய்தார்கள். இன்னொன்று: அந்தச் சட்டத்தில் செய்தவர் மட்டுமில்லை, பரப்பியவரும் அடக்கம்.

தினேஷ்: அப்பா 👀

பெரிய மாமா: நான் எச்சரிக்கைதான் செய்தேன்

பெரிய மாமா: 2013-இல் ஓட்டு எண்ணும்போது கரண்ட் போய்ப் பெட்டி மாறியது. 40,000 வங்காளதேசிகள் விமானத்தில் வந்து இறங்கினார்கள். அதுவும் ஏஐயா

வாத்தியார் சித்தப்பா: அப்போது ஏஐ இல்லை. எஸ்எம்எஸ்-உம் ஃபேஸ்புக்கும் நீங்களும் போதுமாக இருந்தது

லதா சித்தி: என்னங்க

வாத்தியார் சித்தப்பா: உண்மையைத்தானே சொல்கிறேன். கோபமாக இருக்கிறவனுக்குப் பொய் அரைகுறையாக இருந்தாலும் போதும். அந்த 40,000 பேரை யாரும் எந்த விமான நிலையத்திலும் காட்டவில்லை. ஆனால் அன்றைக்கு பட்டர்வொர்த்தில் கறுப்பாக இருக்கிற தொழிலாளி யாராவது ஓட்டு வரிசைப் பக்கம் போனால் அடையாள அட்டை கேட்டார்கள். நான் பார்த்தேன். நம் ஆட்களையே கேட்டார்கள்.

அம்மா: ஆமா. எதிர்வீட்டு மணியத்தை நிறுத்தி தேசிய கீதம் நெகாராகூ பாடச் சொன்னார்கள்

தினேஷ்: சீரியஸா?

அம்மா: பாடினான் பாவம். சுதி சேரவில்லை

இரவு 9:31

பெரிய மாமா: அப்போ கலைஞர் பேசினாரே, அதுவும் பொய்யா

தினேஷ்: அப்பா அதைப் பார்த்து அழுதார்

பெரிய மாமா: கண்ணில் தூசி

வாத்தியார் சித்தப்பா: அது 2024 ஜனவரி, டி.ஆர்.பாலு விழாவில் திரையில் காட்டியது. மஞ்சள் துண்டு, கறுப்புக் கண்ணாடி, மகன் ஆட்சியைப் பாராட்டிப் பேச்சு. அவர் போனது 2018 ஆகஸ்ட். கட்சிக்காரர்களே செய்தது, ஏஐ என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். அடுத்த மாதமே அதிமுகவும் ஜெயலலிதா குரலை விட்டது. இந்தோனேசியாவில் கோல்கார் கட்சிக்காரர் ஒருவர் 2008-இல் இறந்த முன்னாள் அதிபர் சுகார்த்தோவை எழுப்பி ஓட்டுக் கேட்க வைத்தார். பாகிஸ்தானில் இம்ரான்கான் சிறையில் இருந்தபடியே ஏஐ குரலில் வெற்றி உரை கொடுத்தார். அதையாவது அவர் கட்சி, அவர் சம்மதத்தோடு என்று சொல்லலாம். செத்தவரிடம் யார் கேட்டார்கள்? கலைஞர் உயிரோடு இருந்தால் அந்த வசனத்தைத் தானே நாலு தடவை திருத்தி எழுதியிருப்பார்.

பெரிய மாமா: அது என்னவோ சரி. மொழிநடை அவருடையது இல்லை

தினேஷ்: ஒரு ஐடியா

தினேஷ்: விருந்தில் தாத்தா ஆசீர்வாதம் செய்கிற மாதிரி ஒரு வீடியோ போடலாமா? 2 நிமிடம். தாத்தாவின் வாய்ஸ் மெசேஜ் என்னிடம் இருக்கிறது

சுகன்யா: ஐயோ ஆமா!!! 😭😭

கமலா பெரியம்மா: அப்பா குரலா

தினேஷ்: அதே குரல் அத்தை. சுருட்டு வாங்கி வரச் சொல்வாரே அது. மைக்ரோசாப்ட் 2023-லேயே மூன்று வினாடி இருந்தால் போதும் என்று காட்டிவிட்டது. நம்மிடம் நாற்பது வினாடி இருக்கிறது

குணா மச்சான்: அதில் பாதி இருமல்டா

கமலா பெரியம்மா: செய்டா தினேஷ். ஒரு தடவை கேட்டால் போதும் எனக்கு

முரளி மாமா சிங்கப்பூர்: வேண்டாம்

கமலா பெரியம்மா: ஏன்

முரளி மாமா சிங்கப்பூர்: வேண்டாம் அக்கா. அப்பா சொல்லாததைச் சொன்ன மாதிரி 600 பேர் முன்னால் போடாதீர்கள்

பெரிய மாமா: கருமாதிக்கு வராதவன் இதற்கு மட்டும் வந்துவிட்டான்

முரளி மாமா சிங்கப்பூர்: அப்பா என்னை மன்னித்தாரா இல்லையா என்று உங்கள் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. இவன் எழுதித் தருகிறதை அப்பா வாயில் போட்டால் நான் அங்கே உட்கார்ந்து கேட்கணுமா

கமலா பெரியம்மா இந்தச் செய்தியை நீக்கிவிட்டார்

அம்மா: முரளி அப்பாவுக்கு உன் மேல் கோபம் எதுவும் இல்லைடா

முரளி மாமா சிங்கப்பூர்: சரி அக்கா

வாத்தியார் சித்தப்பா: ஆயாவைக் கேட்காமல் யாரும் எதுவும் செய்ய வேண்டாம்.

அம்மா: கேட்டேன். உங்கள் தாத்தா ரேடியோவில் பேசுகிறாரா என்று கேட்கிறார்கள். அப்புறம், பேசினால் சுருட்டை விடச் சொல்லு என்றார்கள்

சுகன்யா: 😂😭

தினேஷ்: அப்போ ஓகேவா இல்லையா

லதா சித்தி: பழைய கல்யாண கேசட்டில் தாத்தா தேவாரம் பாடியது இருக்கிறது. அதைப் போட்டால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்

குணா மச்சான்: கேசட் ஓட்டும் மெஷின் யாரிடம் இருக்கிறது

லதா சித்தி: பெரிய அண்ணன் வீட்டுச் சாமி அறைக்கு மேல்

பெரிய மாமா: அது ரிப்பேர்

இரவு 10:20

கமலா பெரியம்மா: (குரல் செய்தி பகிரப்பட்டது)

கமலா பெரியம்மா: டேவான் ஆபீஸ் என்று சொல்லி இப்போது வந்தது. மீதிப் பணத்தை நாளை மதியத்துக்குள் கட்டச் சொல்கிறார். எஸ்பிஆர் கேட்டால் இடத்தைக் கொடுக்க வேண்டிவரும், அப்படியானால் பணத்தைத் திருப்பித் தருவோம் என்கிறார். இது உண்மையா ஏஐயா

பெரிய மாமா: ஏஐ. சந்தேகமே இல்லை. ராத்திரி பத்து மணிக்கு எந்த ஆபீஸ் திறந்திருக்கிறது

குணா மச்சான்: ஸ்கேம் மாதிரி இருக்கு

அம்மா: குரல் ஒரே மாதிரி ஏற்ற இறக்கம் இல்லாமல் இருக்கிறது

தினேஷ்: அரசாங்க ஆபீஸ் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள் அத்தை

பெரிய மாமா: கட்டாதே கமலா. மாப்பிள்ளை சொன்னது ஞாபகம் இருக்கட்டும். பயம் இருக்கிற நேரம் பார்த்து வருவார்கள்

வாத்தியார் சித்தப்பா: மச்சான் நான் சொன்னது அதுதான், ஆனால்

பெரிய மாமா: ஆனால் என்ன

வாத்தியார் சித்தப்பா: எல்லாவற்றையும் ஏஐ என்று தள்ளினால் அதுவும் அவர்களுக்குத்தான் லாபம். 2024 ஆகஸ்டில் டெட்ராய்ட்டில் கமலா ஹாரிஸ் கூட்டத்துக்கு ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். கூட்டமே இல்லை, ஏஐ படம் என்றார் டிரம்ப். அங்கே நின்ற பத்திரிகைக்காரர்கள் எடுத்த படங்கள் இருக்கின்றன, வீடியோ இருக்கிறது. நம்ப விரும்பியவர்கள் நம்பிவிட்டார்கள். போலிக் குரல் என்று ஒன்று இருப்பது தெரிந்த பிறகு, நிஜமாக மாட்டுகிறவனுக்கும் அது என் குரலில்லை என்று சொல்ல ஒரு கதவு திறந்துவிடுகிறது.

முரளி மாமா சிங்கப்பூர்: தமிழ்நாட்டு நிதியமைச்சராக இருந்த பிடிஆர் குரல் என்று வந்த ஆடியோ மாதிரி. 2023. அவர் போலி என்றார், அண்ணாமலை உண்மை என்றார், அடுத்த மாதம் நிதித்துறை கைமாறியது. இன்றைக்கு வரைக்கும் ஆளுக்கொரு கட்சி

பெரிய மாமா: கட்சியை இழுக்காதே

முரளி மாமா சிங்கப்பூர்: நான் எந்தப் பக்கமும் சொல்லவில்லை அண்ணே

கவிதா: பெரியம்மா, டெபாசிட் கட்டிய ரசீதில் ஆபீஸ் நம்பர் இருக்கும். இந்த மெசேஜில் வந்த நம்பருக்குத் திரும்ப அடிக்க வேண்டாம். காலையில் ரசீதில் இருப்பதற்கு அடியுங்கள். குரல் எப்படி இருக்கிறது என்று ஆராய்வதை விட அது சுலபம்

வாத்தியார் சித்தப்பா: கவிதா சொல்வதுதான் முறை. நான் இதை இன்னும் கொஞ்சம் விளக்கமாக

லதா சித்தி: வேண்டாம்

கமலா பெரியம்மா: ரசீது உங்கள் பெரியப்பாவிடம் இருக்கிறது. எங்கே வைத்தார் என்று அவருக்குத் தெரியாது

பெரியப்பா: 👍

கமலா பெரியம்மா: பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு கட்டைவிரல் அனுப்புகிறார்

வெள்ளி, காலை 9:26

தினேஷ்: டேவான் ஆபீஸில் நிற்கிறேன். மெசேஜ் நிஜம். நேற்று அவர் வீட்டிலிருந்து எல்லாருக்கும் அனுப்பினாராம்

பெரிய மாமா: முகத்தைப் பார்த்தாயா

தினேஷ்: பார்த்தேன் அப்பா. கை குலுக்கினேன். சூடாக இருக்கிறது

தினேஷ்: எஸ்பிஆரிடமிருந்து இதுவரை ஒன்றும் வரவில்லையாம். ஆனால் அவரும் அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறார். அதனால்தான் அந்த வரியைச் சேர்த்தாராம்

கவிதா: அடப்பாவி

வாத்தியார் சித்தப்பா: இதைத்தான் நான் நேற்று

கமலா பெரியம்மா: பணத்தைக் கட்டிவிடு தினேஷ். ரசீதைப் பெரியப்பாவிடம் கொடுக்காதே

கமலா பெரியம்மா: கிள்ளானுக்கு யார் பேசுவது? நேற்று நான் பேசியதில் சம்பந்தி சமாதானம் ஆகவில்லை

பெரிய மாமா: நான் பேசுகிறேன்

சுகன்யா: மாமா நீங்கள் வேண்டாம்

அம்மா: வாத்தியார் பேசட்டும்

லதா சித்தி: இவர் பேசினால் சுலோவாக்கியாவிலிருந்து ஆரம்பிப்பார்

கமலா பெரியம்மா: அட்டையை அச்சுக்குக் கொடுக்கவா வேண்டாமா, ஒரு வார்த்தை சொல்லுங்கள்

பெரிய மாமா: திங்கள் வரை பொறு. ஏதாவது அறிவிப்பு வந்தாலும் வரும்

வாத்தியார் சித்தப்பா: கொடுத்துவிடுங்கள். உண்மையாகவே கலைத்தாலும் ஓட்டு வைக்க 60 நாள் வரை அவகாசம் உண்டு

முரளி மாமா சிங்கப்பூர்: டேவான் பெயரைப் போடாமல் அடிக்க முடியுமா

குணா மச்சான்: அப்போ சாப்பாட்டை எங்கே கொண்டு வருவது சித்தப்பா

கமலா பெரியம்மா: முரளி நீ வருகிறாயா, அதைச் சொல் முதலில்

முரளி மாமா சிங்கப்பூர்: லீவு கேட்டிருக்கிறேன் அக்கா

சுகன்யா: விருந்து நேரம் 7 போடவா 7:30 போடவா?

அம்மா: 7 போடு. எல்லாரும் எட்டரைக்குத்தான் வருவார்கள்

கமலா பெரியம்மா: அச்சுக் கடைக்காரர் கூப்பிடுகிறார், இருங்கள்